நூற்றுக்கு நாலு

சென்னை
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் என்றால் எடுத்ததும் நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அந்த வரி எழுத வரவில்லை, மன்னித்துக்கொள். என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்திருக்கிறாய். மச்சான் மட்டும் எடுக்கிறார். "அவ பேசமாட்டேங்குறா, விடு மாப்ள" என்று சொல்லி வைத்துவிடுகிறார். பாப்பாவின் முப்பதாம் நாள் காரியத்துக்கு, மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஊரார் முன்னால் நீ கதவைச் சாத்திவிடுவாயோ என்று பயந்தேன். தாய்மாமன் வராமலேயே அவளுக்கு அந்த நாள் நடந்திருக்கும்.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் போடும் கணக்கு உனக்குத் தெரியும். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைக்கு, நெஞ்சில் குழாய் இருக்கும்வரை, காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்குமோ என்றுதான் பயம். ஆனால் பெரும்பாலும் அது வெறும் சளிக்காய்ச்சலாகவே இருக்கும். அதனால் எட்டுக் கேள்விகள் கேட்டு, பதில்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், இப்படிப்பட்ட நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிருமி இருக்கும் என்று ஓர் எண் வரும். பத்துக்கு மேல் வந்தால், பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி. பத்துக்குக் கீழே என்றால் மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனை. தூரத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வண்டி பிடித்து ஓடவேண்டாம் என்றுதான் இதைக் கொண்டுவந்தார்கள். வேண்டும் வேண்டும் என்று மீட்டிங்கில் எழுந்து பேசிய நர்ஸ் நான்தான். உன்னையும் நம் மலைப்பாதையையும் மனதில் வைத்துத்தான் பேசினேன்.

ஜனவரி எட்டாம் தேதி நீ கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். பாப்பாவுக்கு வந்த எண் நாலு. நாளைக் காலையில் மதுரைக்குக் கொண்டுபோனால் போதும் என்று சொன்னதும் நான்தான்.

அடுத்த மாதம் இதைப் பற்றி விசாரித்துப் பார்க்கப்போகிறார்கள். அதற்காக ஒன்று கேட்கிறேன், எனக்காக ஞாபகப்படுத்திச் சொல். அன்று காலையில் குழாயைக் கழுவி மருந்து விட்டாயே, அதற்கப்புறம், காய்ச்சல் ஏறுவதற்கு முன்னால், பாப்பா உதறினாளா? வெடவெட என்று உதறல் எடுத்ததா? ஃபாரத்தை நிரப்பத்தான் கேட்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

சாப்பிடு அக்கா.

தம்பி,
தங்கமுத்து

*

பண்ணைக்காடு
20 பிப்ரவரி 2025

முத்துவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் பொன்னுவேல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆசுபத்திரில இருந்து பணம் எதும் குடுக்காகளா தாயி" என்று கேட்டார். ஆமாம், ஃபாரம் கொடுக்கிறார்கள் என்றேன்.

உனக்கு வெட்கமே இல்லையா? முப்பத்தைந்து நாள் கழித்து எழுதுகிறாய், அதிலும் ஃபாரம். பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன் என்று எழுதியிருப்பதைப் படித்து நான் உருக வேண்டுமா? வந்திருந்தால் கதவைச் சாத்தித்தான் இருப்பேன். அதற்குப் பிறகும் நீ வாசலில் நின்றிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் அப்படித்தான் நிற்பான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதாக்கும். சரி, எழுதுகிறேன், விசாரணையில் வாசித்துக் காட்டு. காலை பத்து மணிக்குக் கையை மூன்று தரம் கழுவி, கிளவுஸ் போட்டு, நீ வார்டில் சொல்லிக் கொடுத்த மாதிரியே குழாய்க்கு மருந்து விட்டேன். பதினொன்றரைக்கு நூற்றொன்று காய்ச்சல். உடனே உனக்குப் போன் போட்டேன். உடனேதான், ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. நீ நாலு என்றாய். "நாலுதான் வந்திருக்குக்கா, பயப்படாத, மாத்திரை குடு, நாளைக்கு வெள்ளனே கெளம்பு" என்றாய். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன் முத்து. சிரித்துக்கொண்டே போய் அவளுக்குக் கஞ்சி வைத்தேன்.

நான்கு மணிக்குக் கைகால் சில்லிட்டுப் போனது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், பேச்சில்லை. உன் மச்சான் கொடைக்கானலுக்கு டூரிஸ்ட் சவாரி போயிருந்தார், அங்கே ஏரிப் பக்கம் சிக்னல் இல்லை. கடைசியில் காப்பி மூட்டை ஏற்றவந்த ஞானவேலின் வண்டியில் போனோம். மதுரை போகும்போது மணி எட்டு. விடியும்முன் முடிந்துவிட்டது. ரத்தம் ஊறாத பிள்ளைக்கு என் எலும்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்து, அது நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று நீங்கள் எல்லாரும் கைதட்டி வீட்டுக்கு அனுப்பி, சரியாகப் பன்னிரண்டு நாள்.

உன் மச்சான் அன்றிலிருந்து ஜீப்பைத் தொடவில்லை. வாசலில் நிற்கிறது, மேலெல்லாம் மிளகுக்கொடிச் சருகு. "நான் வீட்ல இருந்திருந்தா மத்தியானமே வெரசா எறக்கிருப்பேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் கேள்விக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. முதலில் நீ எனக்குப் பதில் சொல். உன் கம்ப்யூட்டர் ஏன் நாலு என்று சொன்னது?

தேவசேனா

*

சென்னை
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டூட்டிக்கு நடுவில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. அன்று மீதி நேரம் என்னை ஃபைல் வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். உன் கையில் எந்தத் தவறும் இல்லை. கிருமி எப்போது வேண்டுமானாலும் குழாயில் தங்கலாம், நீ எத்தனை தரம் கை கழுவினாலும். காய்ச்சலைப் பார்த்ததும் கூப்பிட்டாய். அதைவிட ஒரு தாய் என்ன செய்யமுடியும்?

ஏன் நாலு என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தேறாத ஒன்று. வேறு தேசத்துப் பிள்ளைகளை வைத்து உண்டாக்கி, நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில சமயம் இப்படித் தப்பிப்போகும். நூற்றுக்கு நாலு என்றாலும் அந்த நாலில் ஒருத்தி இருக்கத்தானே செய்வாள்? நம் பாப்பா அந்த நாலில் ஒன்றாகிவிட்டாள் என்று வைத்துக்கொள். யார் மேலும் குற்றமில்லை.

முன்பு நான் கேட்டதை விட்டுவிடு. அது தேவைப்படவில்லை. ஃபாரத்தை முடித்தாகிவிட்டது. நீ எதையும் ஞாபகப்படுத்திப் பார்க்கவேண்டாம். அந்தக் காலையை நினைக்கவே வேண்டாம்.

மச்சானை ஜீப்பை எடுக்கச் சொல். சும்மா உட்கார்ந்திருந்தால் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிடும்.

தம்பி,
தங்கமுத்து

*

பண்ணைக்காடு
8 மார்ச் 2025

தம்பி முத்துவுக்கு,

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் செண்பகனூர் வீட்டில் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "நான் இல்ல" என்று வந்து நிற்பாய். அதே முகம் உன் கடிதத்தில் தெரிந்தது. ஒரு கேள்வி கேட்கிறாய், நான் பதில் சொல்லாததும் அது வேண்டாம் என்கிறாய், அந்தக் காலையை நினைக்காதே என்று வேறு கெஞ்சுகிறாய். பிறகு நான் வேறு எதை நினைப்பேன்?

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உதறினாளா என்று எழுதியிருக்கிறாய். அன்று போனில் நீ உதறினாளா என்று கேட்கவில்லை. அது எனக்கு நிச்சயம். எத்தனை நாள் ஆச்சு, குழாய் இருக்கா, சளி இருக்கா, இருமல் இருக்கா, எல்லாம் வரிசையாகக் கேட்டாய். நடுவில் "குளிரு இருக்காக்கா?" என்று கேட்டாய்.

உதறினாள் முத்து.

மருந்து விட்டு அரை மணி இருக்கும். களத்தில் காப்பிப் பழம் காயப்போட்டிருந்ததைப் பார்க்க வெளியே போயிருந்தேன். "அம்மா" என்று கூப்பிட்டாள், வந்து பார்த்தால் கட்டில் தரையில் தட்டுகிற அளவுக்கு உதறுகிறாள். பல் கிட்டுகிறது. உதடு நாவல்பழ நிறம். மேலே படுத்து அமுக்கிப் பிடித்தேன், என்னையும் சேர்த்து ஆட்டியது. பத்து நிமிஷம் இருக்கும், நின்றுவிட்டது. உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், அப்போது காய்ச்சல் இல்லை. குழாயைக் கண்டாலே அவளுக்குப் பயம், உனக்குத்தான் தெரியுமே. பயந்துவிட்டாள் என்று நினைத்துத் திருநீறு பூசி, வெயிலில் கொண்டுவந்து உட்காரவைத்தேன்.

நீ குளிரா என்று கேட்டபோது நான் அந்த வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து யார் போன் பண்ணினாலும் அதைத்தானே கேட்கிறார்கள். மதுரைச் சித்தப்பா வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, "என்னம்மா, அங்கிட்டுக் குளிரா?" நம் அப்பா என்ன சொல்வார்? "குளிரெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாருக்கோம்." பனி கொட்டுகிற மாதத்திலும் அதையேதான் சொல்வார். நானும் அதையேதான் சொன்னேன். தம்பி அக்கறையாக விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அது கேள்வியில் ஒன்றா? எட்டுக் கேள்வியில் அதுவும் ஒன்றா?

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். "ஆமாம்" என்று போட்டால் உன் கணக்கில் என்ன எண் வருகிறது? அன்று மத்தியானமே ஊசி போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாளா?

நாலில் ஒன்று அது இது என்று கதை எழுதாதே. நீ பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எனக்குத் தம்பியும் கிடையாது.

அக்கா

*

சென்னை
16 மார்ச் 2025

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதை மறுபடி படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

ஆமாம். அதுவும் ஒரு கேள்வி. மற்றவற்றைவிடக் கனமான கேள்வி. குழாயில் மருந்து விட்ட பிறகு உதறினால், குழாயில் தங்கியிருந்த கிருமி மருந்தோடு ரத்தத்துக்குள் போகிறது என்று அர்த்தம். வார்டில் முதல் வாரமே இதைச் சொல்லித் தருவார்கள். இதை அடுத்தவர்களுக்குச் சொல்லித் தருவதும் நான்தான்.

ஃபாரத்தில் குளிர் என்று அச்சடித்திருக்கிறது. இங்கே நாற்பது அம்மாக்களிடம் கேட்டிருக்கிறேன். குளிர்க்காய்ச்சலைக் கேட்கிறேன் என்று அவர்களுக்குப் புரிந்தது. மலையிலிருந்து வந்தது உன் போன் ஒன்றுதான். அதை எடுத்த நானும் அதே மலையில் பிறந்தவன். வேறொரு நர்ஸ் எடுத்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லலாம். எனக்குத் தெரியும் அக்கா. நம் வீட்டில் உதறல் என்றுதான் சொல்வோம். குளிர் என்றால் அது வெளியில் அடிக்கிற குளிர். இதெல்லாம் தெரிந்தவன் அன்று அச்சடித்ததை அப்படியே வாசித்தேன்.

அந்த போன் பதிவாகியிருக்கிறது. ஜனவரி கடைசியில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். நீ, "குளிரெல்லாம் ஒண்ணுமில்லடா" என்கிறாய். நான் உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். அதன் மேலேயே உன் குரல் கேட்கிறது, "நல்லா வெயிலு அடிக்கிது." அதை அன்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் புரிந்திருக்கும். ஒண்ணுமில்ல என்று நீ சொன்னதும் "இல்லை"யில் டிக் போட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் பாப்பா குரல் கேட்கிறது. "மாமாவாம்மா?" என்கிறாள். நீ ஆமாம் என்கிறாய். போனைக் கொடு என்று அவள் கேட்கவில்லை, அவ்வளவு அசந்து கிடந்திருக்கிறாள். எப்போதும் பிடுங்கிப் பேசுகிற பிள்ளை.

அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. உதறினாளா என்பது மட்டும் தெரியவில்லை. கடிதத்தில் அதைக் கேட்டதும், பிறகு வேண்டாம் என்றதும் அதனால்தான். நீ ஆமாம் என்று எழுதினால் என் தவறு உறுதியாகும், அதைவிட, உன் வாயில் வந்த ஒரு சொல்லை நீ ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அந்த இரண்டாம் கடிதத்தை எழுதினேன். என்னையும்தான்.

நேற்று டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு இருவருமாக உட்கார்ந்து "இல்லை"யை "ஆமாம்" என்று மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை.

முப்பத்தொன்று.

பத்துக்கு மேல் என்றால் ஓடவேண்டும் என்று வைத்த கணக்கில் முப்பத்தொன்று வந்தது.

உன் இரண்டாவது கேள்விக்குக் கம்ப்யூட்டரில் பதில் கிடையாது. கிருமி இருக்குமா என்று மட்டும்தான் அது சொல்லும், பிள்ளை பிழைக்குமா என்று சொல்லாது. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினொன்றரைக்கு அவள் பேசிக்கொண்டிருந்தாள். வத்தலக்குண்டுக்கு இறங்கி ஒரு மணிக்கு ஊசி போட்டு, அங்கிருந்து மதுரைக்குப் போயிருக்கலாம். அவளுக்கு வந்த கிருமிக்கு அந்த மருந்து கேட்கும் என்று ரத்தப் பரிசோதனையில் பிறகு தெரிந்தது. பிழைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

கேள்வியை மாற்றிவிட்டார்கள். இனிமேல் உதறல், நடுக்கம், வெடவெடப்பு மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும், குழாயில் மருந்து விட்டது எப்போது என்றும் கேட்க வேண்டும். போன் எடுக்கும் வேலையிலிருந்து என்னை மாற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முத்து

*

பண்ணைக்காடு
24 மார்ச் 2025

தம்பி முத்துவுக்கு,

கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன். பிள்ளையை இப்படிக் கொடுத்தவளுக்கும் பசிக்கிறது பார்.

முப்பத்தொன்று என்பதை வைத்துக்கொண்டு என்னென்னவோ கணக்குப் போட்டேன். நூறில் முப்பத்தொரு பிள்ளை என்றால் மீதி அறுபத்தொன்பது பிள்ளைக்கு ஒன்றுமில்லைதானே, நம் பிள்ளை அதில் இருந்திருக்கலாமே என்று. பைத்தியக்காரக் கணக்கு. அவளுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. விடிந்ததும் அந்தப் பத்து நிமிஷம்தான் முன்னால் வருகிறது. இவ்வளவு பெரிய உதறலை, "காலைல ஒரு மாதிரி உதறுனாடா" என்று சும்மா பேச்சுக்காகவாவது உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? எட்டுக் கேள்வி கேட்டாயே, நீயாக எதையாவது சொல்ல வேண்டுமா அக்கா என்று ஒன்பதாவதாக ஒன்று கேட்டிருக்கக் கூடாதா? அவர்கள் மாற்றிய ஃபாரத்தில் அதையும் சேர்க்கச் சொல். போன் எடுக்கும் வேலையை நீ விட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நீ. நீ எடுக்காமல் வேறு யார் எடுப்பார்கள்? போய் மறுபடி கேட்டு வாங்கு.

ஆனாலும் நீ உண்மையை எழுதினாய். பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு எத்தனை நிம்மதி என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன்.

உன் மச்சானுக்கு எதுவும் தெரியாது. உன் கடிதங்களை அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. நேற்று முருகவேல் அண்ணன் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார் இவர். அந்த வண்டியைப் பார்த்தாலே தான் கொலைகாரன் மாதிரி இருக்கிறதாம். "நான் சவாரி போகாம இருந்திருந்தா" என்று பதினோரு வாரமாக ஒரே பேச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் இருந்திருந்தாலும் நாலு என்ற எண்ணை நம்பி வீட்டிலேயேதான் இருந்திருப்போம். இதை ஒரு வார்த்தை சொன்னால் அவர் பாரம் இறங்கிவிடும். சொன்னால் அது யார் தலையில் ஏறும் என்று எனக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு வசதி இருந்தது முத்து. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை ஜீப்பை எடுத்துப்போக வருகிறார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமையே லீவு போட்டு வா. வத்தலக்குண்டில் உட்கார்ந்துவிடாதே, பஸ்ஸில் ஏறி மேலே வா. அவர் உன்னை அடிக்கலாம், என்னை அடிக்கலாம், இரண்டுமில்லாமல் எழுந்து வெளியே போய்விடலாம். எதுவானாலும் நீ பக்கத்தில் இரு. நீ ஒன்றும் பேச வேண்டாம், நானே சொல்கிறேன்.

என் தைரியத்தின் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. பேச்சை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும், ஒண்ணுமில்ல என்று நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் அடுத்த பேச்சுக்குப் போய்விடாதே. என்னிடம் திரும்பக் கேள்.

அக்கா